பக்கோடாப் பாசி

மாதத்தில் பன்னிரண்டு நாள்
நம்புசெல்வி வகுப்புக்கு வரமாட்டாள்.
அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு.
சின்னப்பாலத்தில் வள்ளம் ஏறி
பாசி எடுக்கப் போய்விடுவாள்.
வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
பிறை வளர்வதும் தேய்வதும்
சிவப்பு மையில் தெரியும்.

அந்த நாள்களுக்கு அவளுக்கும் சேர்த்து
நோட்டெடுப்பது என் வேலை.
உச்சிப்புளியில் பாசஞ்சர் ஏறும் எனக்கு
அப்போது இருந்த ஒரே பெருமை
கையெழுத்து.
சார் வாயிலிருந்து உதிர்வதில்
ஒன்றையும் தரையில் விழ விடமாட்டேன்.
தலைப்புக்குச் சிவப்பு, உட்தலைப்புக்குப் பச்சை,
"போன வருசப் பசங்க இதுலதான் கோட்டை விட்டாங்க"
என்பதுகூட நீலத்தில் இருக்கும்.
இருமலை மட்டும்தான் எழுதியதில்லை.

ஜூலையில் முதல்முறை நோட்டைக் கொண்டுபோனவள்
மறுநாள் ரயிலில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.
விரல்களில் இன்னும் துணி சுற்றியிருந்தது.
ஒரு வரியைத் தொட்டு
"இது என்னடி?" என்றாள்.
"ஆல்ஜினேட். பழுப்புப் பாசிகளின் செல்சுவரிலிருந்து
பிரித்தெடுக்கப்படும்..."
"எழுதியிருக்கத வாசிக்காத. என்னன்னு சொல்லு."

வாலாந்தரவை வந்தது. போனது.
நான் ஜன்னலில் உடைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பக்கத்தின் இடப்புறம்
நான்கு விரல் அகலம் விட்டுக் கோடு கிழித்தேன்.
சார் பேசும்போது பேனாவை மூடிவைத்தேன்,
அவர் பலகையைத் துடைக்கும் நேரத்தில்
எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதினேன்.
வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத்
தூங்குவதுபோல் இருந்தது முதல் வாரம்.

விட்ட இடத்தில் அவள் பென்சிலால் எழுதுவாள்.
டர்பினேரியாவுக்கு நேரே:
'பக்கோடாப் பாசி. பேரு வச்சவனுக்குப் பசி போல.'
சர்காசத்துக்கு நேரே:
'கட்டக்கோரை. ஈரத்துல ஒரு மூட்டை, காஞ்சா ஒரு கை.'
ஜெலிடியெல்லாவுக்கு:
'மரிக்கொழுந்து. வெல கூட. அதான் கொறஞ்சிருச்சு.
எத்தன மாசம் விட்டா திரும்ப வளரும்?
ஏன் இத யாரும் சொல்லல?'

அதை நான் எழுந்து நின்று கேட்டேன்.
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"அடுத்த வகுப்புல பாப்போம்" என்றார்.
பார்க்கவில்லை.
எங்கள் நோட்டில் அந்த இடம் காலி.

நவம்பரில் வாடைக்காற்று.
வள்ளத்தில் வாசிக்கலாமென்று எடுத்துப்போன நோட்டை
ஒரே அலை, பாலிதீன் பையோடு நனைத்துவிட்டது.
தேர்வுக்கு நான்கு நாள்.
என் சிவப்பும் பச்சையும் நீலமும்
ஒன்றில் ஒன்று இறங்கி
தாள் முழுக்க ஊதா வெள்ளம்.
அவள் பென்சில் மட்டும்
போட்டது போட்டபடி.

பாம்பன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம்.
அவள் ஓரத்தை வாசித்தாள்,
நான் நடுவில் என்ன இருந்ததென்று சொன்னேன்.
பாதிக்குமேல் வரவில்லை.
வராததை எல்லாம் ஒரு துண்டுத்தாளில் குறித்தாள்;
அன்றிரவு அதை மட்டும் படித்தோம்.
காய்ந்தபோது உப்புப் பூத்து
பக்கங்கள் அப்பளமாய் நொறுங்கின.

பத்து மதிப்பெண்:
பழுப்புப் பாசிகளின் பொருளாதார முக்கியத்துவம்.
எழுதிக்கொண்டே வந்தவள்
டர்பினேரியாவுக்குப் பக்கத்தில்
கை போன போக்கில்
'பக்கோடாப் பாசி' என்று எழுதிவிட்டேன்.
அடிக்கலாமா என்று பேனாவைத் தூக்கினேன்.

இரண்டாவது வரிசையில்
துணி சுற்றிய ஒரு கை
கூடுதல் தாள் கேட்டு உயர்ந்தது,
எனக்கு முன்னாலேயே.

அடிக்கவில்லை.